பிளேஸ் துரையின் கொடிவழி: செங்கல்பட்டு ஜாகீரும் ஆங்கிலேயர் வமிசாவளி ஆய்வின் எல்லைகளும்

மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயிலின் தாயார் சந்நிதிச் சாசனம், அத்தருமத்தைச் செய்தவர் கும்பினி ஜாகீரின் கலெக்டர் லியோனல் பிளேஸ் துரை என்கிறது. ஏரிக்கரை உடையும் நிலையில் இருந்த மழையிரவில், வில்லேந்திய இருவர் கரையைக் காத்து நின்றதை அவர் கண்டார் என்னும் தலவரலாற்றோடு இணைத்தே இச்சாசனம் வாசிக்கப்பட்டு வருகிறது. சாசனமும் தலவரலாறும் அவருக்குக் 'கர்னல்' என்னும் படைப்பட்டத்தை வழங்குகின்றன. ஆயின் 1812ஆம் ஆண்டின் ஐந்தாம் அறிக்கை உள்ளிட்ட வருவாய்த்துறை ஆவணங்களில் அவர் வெறும் 'மிஸ்டர் பிளேஸ்'. 1794 முதல் 1798 வரை ஜாகீரை நிருவகித்த அவர் குடிமைப் பணியாளரேயன்றிப் படைத்தலைவர் அல்லர். மதுராந்தகத்திலிருந்து அவரது குலமுறையைத் தேடப் புறப்படுபவர் முதலில் படைப்பட்டியல்களைத்தான் புரட்டுவார். அங்கு அவர் செலவிடும் காலம் வீண். பிரின்செப் 1885இல் தொகுத்த சென்னை மாகாணக் குடிமைப் பணியாளர் பதிவேடு போன்றவையே அத்தேடலுக்கு உரிய கருவிகள். ஒரேயொரு பட்டப்பெயர் ஆய்வைத் திசைமாற்றிவிடுகிறது.

ஆங்கிலேயர் வமிசாவளி ஆய்வுக்குச் சென்னை மாகாணத்தில் சான்றுக்குப் பஞ்சமில்லை என்பது பரவலான கருத்து. அதற்குக் காரணமும் உண்டு. புனித ஜார்ஜ் கோட்டையின் புனித மேரி தேவாலயப் பதிவேடுகள் 1680இல் தொடங்குகின்றன; அங்கு நிகழ்ந்த முதல் திருமணம் எலிகு யேலுக்கும் கேதரின் ஹின்மர்ஸ் என்னும் கைம்பெண்ணுக்கும் நடந்தது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகள் 1698 முதல் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, இன்று பிரித்தானிய நூலகத்தில் என்/2 என்னும் வரிசையில் உள்ளன. கல்லறைச் சாசனங்களை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905இல் தொகுத்து வெளியிட்டார். இவற்றை அடுத்தடுத்து வைத்தால் ஒரு மரம் கிளைவிட்டு நிற்பது போன்ற தோற்றம் உண்டாகிறது.

இத்தோற்றத்தை ஐயுறவேண்டும். தேவாலயப் பதிவேடு தேவாலயத்துக்கு வந்தவர்களையே பதிவுசெய்கிறது. யேலின் மகன் டேவிட் சென்னையில் அடக்கமாகி, அவன் கல்லறை இன்றும் காணக்கிடைக்கிறது. ஹிரோனிமா டி பைவா என்னும் வைரவணிகரின் கைம்பெண் வழிப் பிறந்த இன்னொரு மகனைப் பற்றி அறியத் திருமணப் பதிவேடு உதவாது. அப்படியொரு திருமணமே நடக்கவில்லை. ஆளுநர் நிலையிலேயே இவ்வாறெனில், உள்நாட்டுக் கச்சேரிகளில் பணியாற்றியவர்களின் இல்லங்களில் வாழ்ந்த தமிழ்ப் பெண்களின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை. அவர்கள் பதிவுக்கு வந்த இடங்களிலும் பெரும்பாலும் கிறித்தவ முதற்பெயரோடு நின்றுவிடுகிறார்கள். தந்தை பெயரில்லை, ஊரில்லை. இந்தியத் தாய்க்குப் பிறந்தவர்களைக் கும்பினியின் குடிமை, படை, கடற்பணிகளில் சேர்க்கலாகாது என்ற விலக்கு 1791இல் வந்தது. பிளேஸ் செங்கல்பட்டுக்கு வருவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் என்பது கவனிக்கத்தக்கது. அதன்பின் தாயை மறைப்பது மகனின் பிழைப்புக்குத் தேவையாயிற்று. ஆகவே இக்காலக் குலமுறைகளில் காணும் இடைவெளியைச் செல்லரித்த தாளின் குறையாக மட்டும் கொள்வது பிழை. அது வேண்டுமென்றே உண்டாக்கப்பட்ட இடைவெளியாகவும் இருக்கலாம்.

'குடியேறி' என்னும் சொல்லும் இங்கு முழுமையாகப் பொருந்தவில்லை. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறியவன் நிலம் பிடித்தான். நிலப்பத்திரம் அவன் பேரர்களைக் காட்டிக்கொடுக்கிறது. சென்னை மாகாணத்திலோ 1833ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் வரும்வரை கும்பினியின் உரிமமின்றி ஆங்கிலேயர் தங்குவதற்கே தடை இருந்தது. அங்கே உருவான முறைகளை ஜாகீருக்கு அப்படியே பெயர்ப்பது, வேரில்லாத இடத்தில் வேரைத் தோண்டுவதாகும்.

இதில் ஒரு முரண் உண்டு. 1763இல் நவாப் முகம்மது அலி வழங்கிய இந்த ஜாகீரில், பார்னார்டு 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ 2000 ஊர்களை அளந்து, வீடுகளையும் சாதிகளையும் எண்ணினார். பிளேஸ் மிராசு உரிமையின் மூலத்தைத் துருவி விசாரித்து, 1799இல் விரிவான அறிக்கை எழுதினார். தம் தீர்வையை ஏற்காத மிராசுதாரர்களை வெளியேற்றவும் துணிந்தார். எல்லிசு 1818இல் அச்சான தம் விடைகளில், சங்கரய்யா போன்ற தமிழறிஞர்களின் துணையோடு, தொண்டைமண்டல வேளாளரின் உரிமை பரம்பரையாக இறங்கும் முறையை ஆராய்ந்தார். குடிகள் தம் பாட்டன் பூட்டன் பெயரைச் சொல்லிக் காணியை நிலைநாட்ட வேண்டியிருந்தது. கேள்வி கேட்டவர்களின் பாட்டன் யார் என்று இங்கு எவரும் கேட்கவில்லை. அதற்குரிய ஏடும் இங்கு எழுதப்படவில்லை.

கடற்கரைப் பகுதியின் சான்றுகள் வேறு இயல்பின. சதுரங்கப்பட்டினக் கோட்டையில் குடும்பச் சின்னங்களோடு செதுக்கப்பட்ட கல்லறைகள் டச்சுக்காரர்களுடையவை. அவற்றை ஆங்கிலேயருடையவை என மயங்குதல் கூடாது. அங்கிருந்து சிறிது வடக்கே, மாமல்லபுரச் சிற்பங்களைப் பற்றி 1788இல் வெளிவந்த ஆசியவியல் ஆராய்ச்சிகளின் முதல் தொகுதியில் எழுதிய வில்லியம் சேம்பர்ஸின் குடும்பம் நன்கு அறியப்பட்டது. அதற்குக் காரணம் மாமல்லபுரம் அன்று. அவர் தமையன் ராபர்ட், கல்கத்தா உச்சநீதிமன்ற நீதிபதி. இலக்கிய மேதை சாமுவேல் ஜான்சனின் நண்பர். புகழுடைய உறவினர் ஒருவர் இருந்தால் கிளை துலங்குகிறது, இல்லையேல் மங்குகிறது. வமிசாவளி ஆய்வு பேசத் தயங்கும் உண்மை இது.

மதுராந்தகச் சாசனத்துக்கு மீண்டும் வந்தால், அது பிளேஸின் தந்தையையோ மக்களையோ சொல்லவில்லை என்பதைக் குறையாகக் கருதவேண்டியதில்லை. சோழர் காலத்திலிருந்தே தருமம் செய்தவரைக் கோயிற்கல்லில் பொறிக்கும் மரபு அவரையும் தன் கொடையாளர் வரிசையில் சேர்த்துக்கொண்டது. 'கர்னல்' என்பது அம்மரபு தந்த மெய்க்கீர்த்தி எனலாம். அவரைப் பற்றிய தேடலில் என்/2 பதிவேட்டோடு கோயிற்கணக்குகளும் கர்ணங்களின் ஓலைக்கணக்குகளும் ஒருங்கே வாசிக்கப்படவேண்டும். லண்டன் ஏட்டில் பெயரின்றி விடுபட்ட ஒருத்தி, கச்சேரியின் படிக்கணக்கிலோ இனாம் பட்டியலிலோ ஊர்ப்பெயரோடு நின்றுகொண்டிருக்கக்கூடும்.