இரைச்சலைக் குறைப்பது வடிப்பானா, பலகையா?

ஸ்ரீரங்கத்தில் ஐப்பசி ஊஞ்சல் உற்சவம் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. கனத்த ஊஞ்சலை ஆட்டும் கை சற்று நடுங்கினாலும் ஆட்டத்தின் தாளம் பிசகாது. நுண்ணலை அலையியற்றியில் கை என்பது டிரான்சிஸ்டர், ஊஞ்சல் என்பது ஒத்ததிர்வான். வாங்கிய ஆற்றலை அது எவ்வளவு நேரம் பிடித்துவைக்கிறது என்பதே கியூ மதிப்பு. டேவிட் லீசன் 1966-இல் தந்த சூத்திரப்படி, சுற்றில் பொருத்திய நிலையில் கியூ இரட்டித்தால் கட்ட இரைச்சல் 6 டெசிபல் இறங்கும். டாப்ளர் ராடாரில் மெல்ல நகரும் இலக்கு இந்த இரைச்சலில்தான் மூழ்கிப்போகிறது.

ஒற்றை ஒத்ததிர்வானுக்குப் பதில் பலவற்றைக் கோத்த வடிப்பானை வைத்தால் என்ன? மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மொர்தசாவி குழு 2009-இல் வெளியிட்ட வடிவமைப்பு, நீள்வட்ட வடிப்பானின் நடுப்பகுதியை விட்டு, குழுத் தாமதம் (சமிக்ஞை வடிப்பானைக் கடக்க எடுக்கும் நேரம்) உச்சம் தொடும் பட்டை ஓரத்தில் 8 கிகாஹெர்ட்ஸ் அலையியற்றியை இயக்கியது. தாமதம் கூடினால் கியூ கூடும். அருமையான யோசனை, மறுப்பதற்கில்லை.

ஆனால் தாமதம் இலவசமாக வராது. அதே ஓரத்தில் இழப்பும் ஏறுகிறது. அதைப் பெருக்கி ஈடுகட்ட வேண்டும். பெருக்கியின் வெளியீட்டுத் திறன் மாறாது என்று வைத்துக் கணக்கிட்டேன். ஒற்றை ஒத்ததிர்வானுக்கு, தனித்த கியூவில் (சுற்றில் பொருத்தாதபோது உள்ள கியூவில்) பாதி கிடைக்கும் 6 டெசிபல் இழப்பே சிறந்த இடம். வடிப்பான் முழுக்கத் தாமதக் கம்பிபோல நடக்கும் இலட்சிய நிலையில் சிறந்த இழப்பு 8.7 டெசிபல். அப்போதும் ஒற்றை ஒத்ததிர்வானைவிட இரைச்சல் குறைவது சுமார் 3.4 டெசிபல்தான்!

வடிப்பானுக்குப் பதில் சுற்றுப் பலகையை மாற்றினாலோ? கல்லூரி ஆய்வகங்களில் எளிதில் கிடைக்கும் எஃப்.ஆர்.4 பலகையின் இழப்புக் கெழு ஏறத்தாழ 0.02. ஆகவே எவ்வளவு நுட்பமாக வரைந்தாலும் தனித்த கியூ 50-ஐத் தாண்டுவது கடினம். ரோஜர்ஸ் 5880 பலகையில் அந்தக் கெழு 0.0009. செம்பின் இழப்பையும் சேர்த்து கியூ 200 வந்தாலே 12 டெசிபல் லாபம். மின்கடத்தாப் பொருள் ஒத்ததிர்வானோ ஆயிரக்கணக்கில் கியூ தரும்.

வடிப்பானுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒவ்வொரு ஒத்ததிர்வானும் 180 பாகை கட்டத்தைத் திருப்புவதால், அலைவு நிபந்தனை ஒன்றுக்கு மேற்பட்ட அதிர்வெண்களில் நிறைவேறலாம். அலைவு இடம் தாவிவிடும். எனினும் தட்டையான பலகையிலேயே முடிந்துவிடுவது அதன் பெரிய பலம். மின்கடத்தாப் பொருள் ஒத்ததிர்வானைப்போல வில்லையைக் கையால் நிறுத்தி, உலோக மூடி போட்டு, திருகு திருகிச் சரிசெய்ய வேண்டியதில்லை. வெளியீட்டை வடிப்பான் வழியே எடுத்தால் மேலதிர்வெண்களும் அடங்கும்.

ஆக என் தீர்ப்பு இது: நல்ல பலகை கையில் உள்ளவருக்கு வடிப்பான் வழி தகுதியானது, எஃப்.ஆர்.4 பலகையில் அது வீண் உழைப்பு. துவாக்குடி தேசியத் தொழில்நுட்பக் கழகத்திலும் திருச்சியின் மற்றக் கல்லூரிகளிலும் இதை ஆய்வுத் திட்டமாக எடுக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்: இரைச்சல் அளவைத் தரும் அட்டவணையில், பயன்படுத்திய பலகையின் தனித்த கியூவையும் தவறாமல் சேர்த்து எழுதுங்கள்.