ஸ்கோப் இல்லாத முதல் ஆண்டு

அபினவ் பிந்த்ரா 2008இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்றதும், சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012இல் லண்டனில் வெண்கலம் வென்றதும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில்தான். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் இந்தியாவுக்காக நின்று சுட்டதும் அதே போட்டியில். இவர்களில் யாருடைய துப்பாக்கியிலும் ஸ்கோப் கிடையாது. ரைஃபிளில் பொருத்தும் சைட்டில் லென்ஸ் எதுவும் இருக்கக் கூடாது என்பது சர்வதேச விதி.

ஆனால் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பிள்ளைக்கு முதல் ஏர் ரைஃபிள் வாங்கும் குடும்பங்கள் பல, துப்பாக்கியோடு ஒரு ஸ்கோப்பையும் சேர்த்தே வீட்டுக்குக் கொண்டுவருகின்றன. பெரும்பாலும் அது 3-9x40 வகை, அதாவது இலக்கை மூன்று முதல் ஒன்பது மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டுவது. அதோடு முன்னால் ஊன்றும் இரட்டைக்கால், லேசர் விளக்கு, தோள்வார், தடித்த பை என்று பட்டியல் நீளும். பிள்ளை ஆசைப்படுகிறான், கடைக்காரர் எடுத்துக் காட்டுகிறார், அப்பா சரி என்கிறார். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் முதல் ஆண்டில் பணமும் கவனமும் இந்த வரிசையில் செலவாவது தவறு என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஸ்கோப்பின் பக்கம் உள்ள நியாயத்தை முதலில் பார்க்க வேண்டும். அது சிறிய நியாயமில்லை. சாதாரண ஓப்பன் சைட்டில் பின்னால் உள்ள பிளவு, முனையில் உள்ள முள், தூரத்து இலக்கு என்று மூன்று பொருள்கள் மூன்று தொலைவில் இருக்கின்றன. மனிதக் கண்ணால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கூர்மையாகப் பார்க்க முடியும். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒருவருக்குப் பின்பிளவு வெறும் நிழலாகத்தான் தெரியும். ஸ்கோப் இந்த மூன்றையும் ஒரே தளத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. ஓய்வுக்குப் பிறகு சுடத் தொடங்கும் பெரியவருக்கு இது பெரிய உதவி. இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெளிவாகத் தெரிவதால் பாதுகாப்புக்கும் பயன் உண்டு. மேசையில் துப்பாக்கியைக் கிடத்திச் சுடும் விளையாட்டில் ஸ்கோப் இல்லாமல் வேலையே நடக்காது.

நின்று சுடப் பழகும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதே கருவி வேறு விதமாக வேலை செய்கிறது. ஒன்பது மடங்கு பெருக்கத்தில் தன் கையின் ஆட்டமும் ஒன்பது மடங்காகத் தெரியும். குறுக்குக் கோடு கரும்புள்ளியை ஒவ்வொரு முறை கடக்கும்போதும், இதோ இப்போது என்று விசையை வெடுக்கென்று இழுக்கப் பிள்ளை பழகிக்கொள்கிறது. ஆட்டத்தை ஏற்றுக்கொண்டு, அது அடங்கிவரும்போது மெதுவாக விசையை அழுத்துவதுதான் இந்த விளையாட்டின் அடிப்படை. வெடுக்கென்று இழுக்கும் விரலைத் திருத்தப் பயிற்சியாளருக்குப் பல மாதங்கள் ஆகும்.

கணக்குப் பார்த்தாலும் ஸ்கோப் 10 மீட்டருக்கு ஒத்துவரவில்லை. போட்டி அட்டையில் பத்து மதிப்பெண் தரும் புள்ளியின் விட்டம் வெறும் 0.5 மி.மீ. கடைகளில் கிடைக்கும் சாதாரண ஸ்கோப்பின் திருகு ஒரு கிளிக்குக்குக் கால் எம்.ஓ.ஏ. என்ற கோண அளவு நகரும். 100 கெஜத்தில் அது கால் அங்குலம். 10 மீட்டரில் ஏறத்தாழ 0.73 மி.மீ. அதாவது ஒரே ஒரு கிளிக், பத்துப் புள்ளியின் முழு அகலத்தையும் தாண்டிவிடுகிறது. இத்தோடு பாரலாக்ஸ் சிக்கலும் உண்டு. பெரிய துப்பாக்கிகளை மனதில் வைத்துச் செய்த ஸ்கோப்புகள் பெரும்பாலும் 100 கெஜத்துக்கு அமைக்கப்பட்டவை. அவற்றில் 10 மீட்டர் இலக்கு மங்கலாகத் தெரியும். கண் சற்று நகர்ந்தாலே குறுக்குக் கோடும் இலக்கின் மேல் நகர்ந்துவிடும். தான் சரியாகத்தான் குறிவைத்தேன் என்று பிள்ளை சொல்வது உண்மையாகவே இருக்கும். குண்டு மட்டும் வேறெங்கோ போயிருக்கும்.

ஸ்பிரிங் கன்னில் இன்னொரு தொல்லை. விசையை அழுத்தியதும் உள்ளே சுருண்டிருக்கும் சுருள்வில் பிஸ்டனை முன்னே தள்ள, துப்பாக்கி பின்னே உதைக்கிறது. பிஸ்டன் காற்றில் மோதி நிற்கும் கணத்தில் துப்பாக்கி முன்னே குதிக்கிறது. சாதாரண ஸ்கோப்பின் உள்ளமைப்பு பின்னுதையைத் தாங்கும்; முன்குதிப்பைத் தாங்க அது செய்யப்படவில்லை. குறுக்குக் கோடு அறுந்துபோவதும், பிடிமானம் 11 மி.மீ. தடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து குறி தவறுவதும் இதனால்தான்.

இதற்கு மாற்றாகச் சுடுகளத்தில் எல்லாரும் பீப் சைட் என்று சொல்வது, பார்வைக்கு மிக எளிமையானது. பின்னால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் விட்டத்தில் சிறு துளை, முன்னால் ஒரு வளையம். துளை சிறியதாக இருப்பதால் கிட்டப் பொருளும் எட்டப் பொருளும் ஓரளவு சேர்ந்தே தெளிவாகின்றன. வட்டத்துக்குள் வட்டத்தை நடுவில் நிறுத்துவது கண்ணுக்கு இயல்பாக வருகிற வேலை. இதில் கவனமாகத் தேர்வு செய்ய வேண்டியது முன்வளையத்தின் அளவு. அட்டையின் கரும்புள்ளி 30.5 மி.மீ. அகலம். கண்ணிலிருந்து ஏறக்குறைய 85 செ.மீ. தள்ளியிருக்கும் முன்வளையத்தில் அது 2.6 மி.மீ. அளவுக்குத் தெரியும். வளையத்தை 3 மி.மீ. வைத்தால் சுற்றிலும் வெள்ளை நூலிழையாக மிஞ்சும். துல்லியம் கூடுவதுபோல் தோன்றும். ஆனால் கரும்புள்ளி வளையத்தின் ஓரத்தைத் தொட்டுத் தொட்டு விலகும்போது பிள்ளை தயங்கித் தயங்கி மூச்சை இழந்துவிடும். 3.8 மி.மீ., 4 மி.மீ. என்று சற்றுப் பெரிய வளையத்தோடு தொடங்குவது நல்லது. வெள்ளை தாராளமாக இருந்தால் மனமும் பதறாது. பின்துளைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மிகச் சிறிதாக்கினால் படம் இருண்டுவிடும், ஓரம் மங்கும். குழல்விளக்கு ஒன்றிரண்டோடு நடக்கும் உள்ளூர்ச் சுடுகளங்களில் 1.1 மி.மீ. துளையைவிட 1.3 நிம்மதி தரும்.

பள்ளி மாணவர்களுக்கான தேசியப் போட்டியில் ஓப்பன் சைட், பீப் சைட் இரண்டுக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு. என்.சி.சி. மாணவர்கள் கையில் வரும் .22 ரைஃபிளிலும் இரும்புச் சைட்தான். ஸ்கோப்பில் மட்டும் பழகிய பிள்ளை இவற்றில் எதற்குப் போனாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

சைட் எதுவானாலும் அதற்கு முன்னால் கண் இருக்கிறது. அரவிந்த், சங்கரா என்று நாடறிந்த கண் மருத்துவமனைகள் உள்ள ஊர் கோவை. ஆயிரக்கணக்கில் கொடுத்து ஸ்கோப் வாங்கும் குடும்பம் பிள்ளையின் பார்வையை ஒருமுறை சோதித்துப் பார்க்காமல் விட்டுவிடுவது எனக்கு உண்மையில் வருத்தம் தருகிறது. லேசான கிட்டப்பார்வை உள்ள பிள்ளை கரும்புள்ளியைப் புகைமூட்டமாகப் பார்த்துக்கொண்டே மாதக்கணக்கில் சுடும். அதுதான் இயல்பு என்று நினைத்துக்கொள்ளும். பார்வைத் திருத்தத்துக்கான கண்ணாடியைத் துப்பாக்கியில் பொருத்த விதி இடம் கொடுப்பதில்லை, சுடுபவர் அணிந்துகொள்ளலாம். இரண்டு கண்ணில் எது ஆளும் கண் என்பதையும் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். கையை நீட்டி, விரல்களால் சிறு துவாரம் செய்து, தூரத்துப் பொருளை அதன் வழியே பார்த்து, ஒவ்வொரு கண்ணாக மூடினால் தெரிந்துவிடும். வலக்கைப் பிள்ளைக்கு இடக்கண் ஆளுமானால் துப்பாக்கித் தேர்வே மாறக்கூடும். மறு கண்ணை இறுக்கி மூடாமல் அதன் முன்னால் சிறு மறைப்பை வைத்தால் முகத்தசை தளர்ந்திருக்கும். அந்த மறைப்பை வீட்டிலேயே ஒரு பிளாஸ்டிக் அட்டையில் வெட்டிக்கொள்ளலாம், 30 மி.மீ. அகலத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி.

சைட்டை வாங்குவதோடு அதைப் படிக்கவும் தெரிய வேண்டும் என்பதற்குப் பிந்த்ராவே சாட்சி. பெய்ஜிங்கில் இறுதிச் சுற்றுக்கு முந்தைய சோதனைச் சுடுதலில் தன் குண்டு இலக்கை விட்டு வெகுவாக விலகியதைக் கண்டதாக அவர் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். சில நிமிடங்களுக்குள் கிளிக்குகளை எண்ணித் திருப்பிச் சைட்டைச் சரிசெய்தார். தகுதிச் சுற்றில் 596 எடுத்து நான்காம் இடத்தில் இருந்தவர், இறுதிச் சுற்றின் முதல் குண்டில் 10.7, கடைசிக் குண்டில் 10.8 எடுத்து, மொத்தம் 700.5 புள்ளிகளோடு முதலிடம் வந்தார். தன் சைட் ஒரு கிளிக்குக்கு எவ்வளவு நகரும் என்பது விரலில் ஊறியிராவிட்டால் அந்த நிமிடங்களில் யாரும் கலங்கிப்போயிருப்பார்கள்.

கண்ணை அடுத்து உடம்பு. கன்னம் படும் கட்டை, தோளில் பதியும் பின்தகடு, கைப்பிடி இம்மூன்றும் பிள்ளையின் அளவுக்கு நகர்த்தக்கூடியவையா என்று பார்ப்பதே முதல் ரைஃபிளில் மிக முக்கியமான தேர்வு. கன்னம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அமராவிட்டால் எவ்வளவு விலையுள்ள சைட்டும் வீண். இதில் கொங்கு மண்ணுக்கு ஒரு தனி வசதி இருக்கிறது. கோவையின் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் பம்புக்கும் நூற்பாலை இயந்திரத்துக்கும் நுண்ணிய உதிரிகள் கடைந்து தரும் லேத் பட்டறைக்காரருக்கு, துப்பாக்கியை ஓய்வாகச் சாய்த்து வைக்கும் தாங்கியோ, பெல்லட்டை வாங்கிக்கொள்ளும் இரும்புப் பெட்டியோ, குழலின் அடியில் மாட்டும் எடைக்கட்டியோ செய்வது சிரமமே இல்லை. வெளிநாட்டுப் பெயர் பொறித்த அதே பொருளுக்கு ஏன் பல மடங்கு கொடுக்க வேண்டும்? எடைக்கட்டி மட்டும் பிள்ளை வளர்ந்த பிறகு போதும். துப்பாக்கியின் மொத்த எடை சைட்டோடு சேர்த்து 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. காற்று அடைக்கும் உருளையையும் விசைப் பொறியையும் பட்டறைக்குக் கொண்டுபோகவே கூடாது. 200 பார் அழுத்தம் தாங்கும் உருளையில் யார் கைவைத்தாலும் அது உயிரோடு விளையாடுவதுதான்.

ஜாக்கெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதுகைத் தாங்கும் விறைப்பான கான்வாஸ் ஜாக்கெட், கால்சட்டை, தட்டையான அடியுள்ள காலணி எல்லாம் மதிப்பெண்ணை உயர்த்தும் என்பது உண்மை. வளரும் பிள்ளைக்கு அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட் சீக்கிரமே சிறுத்துவிடும் என்பதும் உண்மை. முதல் ஆண்டுக்குக் கிளப்பில் கிடைக்கும் பழைய ஜாக்கெட் போதும். கையுறை மட்டும் சொந்தமாக இருக்கட்டும். உலகுக்கே உடை தைத்து அனுப்பும் திருப்பூர் பக்கத்திலிருந்து, 2.5 மி.மீ. தடிமன் விதிக்கு உட்பட்ட ஒரு நல்ல ஜாக்கெட் நம் பிள்ளைகளுக்கு நியாயமான விலையில் வர வேண்டும் என்பது என் ஆசை.

குறைந்த செலவில் நிறையப் பலன் தருவது பெல்லட். ஒரே துப்பாக்கி 4.49 தலை அளவுள்ள பெல்லட்டில் ஒரு மாதிரியும் 4.50இல் வேறு மாதிரியும் சுடும். துப்பாக்கியை அசையாமல் தாங்கலில் வைத்து, வகைக்குப் பத்து வீதம் சுட்டுப் பார்த்தால் எந்தத் துளைக்கூட்டம் சிறியது என்று தெரிந்துவிடும். தட்டைத் தலையுள்ள போட்டிப் பெல்லட்டைத் தவிர வேறெதுவும் அட்டையில் சுத்தமான துளை போடாது. ஈயமென்பதால் சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அதற்கு முன் பிள்ளை தின்பண்டத்தைத் தொடக் கூடாது.

ஸ்கோப்பைத் தள்ளிவைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அது இந்த மண்ணைச் சேர்ந்தது. பல்லடம், தாராபுரம் பக்கத் தோட்டங்களில் மயில் தொல்லை எல்லாரும் அறிந்ததே. தோட்டத்துச் சாளையில் ஸ்கோப் பூட்டிய ஏர்கன் ஒன்று இருந்தால், இன்று அட்டை, நாளை மயில் என்று கை நீளுவதற்கு அதிக நேரம் ஆகாது. 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை அது, சுட்டால் சிறை. அரை கிராம் பெல்லட் பெரிய பறவையை உடனே கொல்வதும் இல்லை. காயத்தோடு ஓடி எங்கோ முள்வேலியோரம் கிடந்து சாகும். .177 காலிபரும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை என்று 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் தந்திருக்கும் சலுகை விளையாட்டை நம்பித் தரப்பட்டது. போட்டி ஏர் ரைஃபிளின் ஆற்றல் 8 ஜூலைக்கூட எட்டுவதில்லை. அதைவிட வேகம் வேண்டும், சத்தம் குறைக்கும் குழாய் வேண்டும் என்று கேட்கும் பிள்ளையிடம் பெற்றோர் உட்கார்ந்து பேசியாக வேண்டும். சத்தத்தை அடக்கும் உறுப்பையும் துப்பாக்கியின் வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம்.

சாளையின் நீளத் திண்ணையில் 10 மீட்டர் அளந்து, பின்னால் தடித்த பலகையும் அதற்குப் பின் சுவரும் வைத்து, யாரும் குறுக்கே வராதபடி செய்தால் வீட்டிலேயே பழகலாம். ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடித்துக்கொண்டு வரும் நாள்களில் வெட்டவெளியில் சுட்டு மதிப்பெண் பார்ப்பது மட்டும் வேண்டாம். காற்றின் பிழையைப் பிள்ளை தன் பிழையென்று எடுத்துக்கொள்ளும்.

பிறகு ஒருநாள் ஸ்கோப் வேண்டும் என்று தோன்றினால், அல்லது வீட்டுப் பெரியவருக்காக வாங்கினால், 10 கெஜம் வரை பாரலாக்ஸ் திருத்தக்கூடியதா, ஸ்பிரிங் கன்னுக்கென்றே செய்யப்பட்டதா என்று கேட்டு, நான்கு மடங்குப் பெருக்கத்தில் ஒன்றை எடுக்கலாம். பிடிமானம் ஒரே துண்டாகவும் பின்னால் நகராமல் தடுக்கும் ஆணியோடும் இருக்க வேண்டும். போட்டிப் பாதையில் போகிறவர்கள் அந்தப் பணத்தைச் சேர்த்துவைத்துப் பழைய வால்தர், ஃபைன்வெர்க்பாவ் போன்ற ரைஃபிளைத் தேடுவார்கள். அவை பல லட்ச ரூபாய்ப் பொருள்கள் என்பதால் கைமாறிக் கைமாறி வரும். அப்படி வாங்கும்போது மரக்கட்டையின் பளபளப்பைப் பார்க்கும் முன் காற்று உருளையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதன் மேல் பொறித்த தேதியிலிருந்து பத்து ஆண்டுகள்தான் அதன் ஆயுள். தேதி கடந்திருந்தால் போட்டிக் களத்தில் அதைப் பயன்படுத்த முடியாது; புது உருளையின் விலையைக் கழித்த பிறகே பேரம் பேச வேண்டும்.