களம் காணாத பயிற்சி

ஒரு நாளைக்கு 6 மணி நேரம், வாரத்தில் 7 நாளும், 2 ஆண்டுகள். கராத்தே, ஜூஜிட்சு, கத்தி, வாள் என்று ஜான் பியர் விக்னோ என்ற பயிற்சியாளரிடம் வரிசையாகக் கற்கத் தொடங்கியபோது பிரான்டிஸுக்கு வயது 12. எல்லாம் ஒரே ஒரு சினிமா வேடத்துக்காக. அப்பா அலஹாந்த்ரோ ஜோடரோவ்ஸ்கி 1970களின் நடுவில் ‘டியூன்’ நாவலைப் படமாக்கக் கிளம்பினார். நாயகன் பால் வேடம் மகனுக்கு. படம் எடுக்கப்படவே இல்லை.

சிறுவனை இப்படி வதைக்கலாமா என்று கேட்பவர்கள் நாவலின் சண்டைகளைக் கவனிக்க வேண்டும். பிராங்க் ஹெர்பர்ட் எழுதி 1965-இல் வெளியானது அது. அங்கே வீரர்கள் உடலைச் சுற்றி ஆற்றல் கவசம் அணிகிறார்கள். வேகமாக வரும் கத்தியைக் கவசம் தடுத்துவிடும். மெதுவாக நுழைவதைத் தடுக்காது. எனவே தற்காப்பில் மின்னல் வேகம், தாக்கும் கடைசி நொடியில் நிதானம். இதிலேயே ஊறிய பால், கவசமில்லாமல் ஜாமிஸ் என்பவனுடன் மோதும்போது தன் குத்து ஒவ்வொன்றிலும் ஒரு கணம் பிந்துகிறான். எதிராளியை வைத்து விளையாடுகிறான் என்று சுற்றி நிற்பவர்கள் தப்பாக நினைக்கிறார்கள். பழக்கம் தசையில் ஏறியவனால்தான் இந்தத் தாமதத்தை உடம்பில் காட்ட முடியும். டூப் போட்டு ஒப்பேற்றும் காட்சி இல்லை இது. அந்த வகையில் ஜோடரோவ்ஸ்கியின் கணக்கு சரி.

அணித் தேர்விலும் குறை சொல்ல முடியாது. காட்சிகளை வரைய மோபியஸ், விண்கலங்களுக்கு கிறிஸ் ஃபாஸ், அரக்க மாளிகைக்கு கீகர், தந்திரக் காட்சிகளுக்கு டான் ஓபானன். ஆனால் திரைக்கதை தொலைபேசி டைரக்டரி கனம். எடுத்தால் 14 மணி நேரம் ஓடும் என்றார் ஹெர்பர்ட். நீளத்தைக் குறைக்க ஜோடரோவ்ஸ்கி இறங்கி வரவில்லை. ஹாலிவுட் ஸ்டூடியோக்களுக்குத் திட்டம் பிடித்தது, இயக்குநரை நம்பித்தான் பணம் போடத் தயங்கின. 1.5 கோடி டாலர் பட்ஜெட்டில் கடைசி 50 லட்சம் வரவில்லை. தோல்விக்குப் பாதிப் பொறுப்பு அணித் தலைவருடையது என்பேன். விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில் விட்டுக்கொடுப்பதும் ஆட்டத் திறன்தான்.

மற்றவர்கள் வேறு களத்தில் ஜெயித்தார்கள். ஓபானன் எழுதிய ‘ஏலியன்’ 1979-இல் வந்தது. கீகர், ஃபாஸ், மோபியஸ் மூவரும் அதில் இருந்தார்கள். வரைந்த கைக்கு அடுத்த படம் கிடைக்கும். வளர்ந்துகொண்டே போகும் சிறுவனுக்கு அந்த வயது திரும்பக் கிடைக்காது. இந்தக் கதையில் என் மனம் கனப்பது அவனுக்காகத்தான்.

அந்த ‘டியூன்’ திட்டத்தின் தயாரிப்பாளர் மிஷேல் செய்தூவை கால்பந்து ரசிகர்களுக்கு வேறு விதமாகத் தெரியும். 2002 முதல் 2017 வரை பிரான்ஸின் லில் கிளப்பின் தலைவராக இருந்தவர் அவர். 14 வயதில் அங்கு வந்த வீரர் ஏடன் ஹஸார்டுக்கு 16 வயதிலேயே முதல் ஆட்டம் கிடைத்தது. 2011-இல் லீக் பட்டம், பிரெஞ்சுக் கோப்பை இரண்டையும் லில் தூக்கியபோது ஹஸார்டுக்கு வயது 20. பயிற்சியின் சூடு ஆறும் முன்பே களமிறக்குவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அதே செய்தூ 2013-இல் ஜோடரோவ்ஸ்கியுடன் மீண்டும் சேர்ந்து ‘தி டான்ஸ் ஆஃப் ரியாலிட்டி’ தயாரித்தார். அதில் பிரான்டிஸ் தன் சொந்தத் தாத்தாவாக வருகிறார். வயது ஐம்பதை ஒட்டியிருந்தது. கூச்சம் என்பதே இல்லாமல் உடம்பு முழுவதையும் வேடத்துக்குக் கொடுத்திருக்கிறார். பால் வேடத்துக்கு அப்பா செய்த தேர்வு பாசத்தால் மட்டும் வந்ததல்ல என்று அதைப் பார்த்தபிறகு உறுதியாகச் சொல்வேன்.