இரண்டு போன்களும் ஒரு அத்தியாயமும்

நாவல்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்லி விரோதம் சம்பாதித்துக்கொள்வது எனக்குப் பழகிப்போன காரியம். ஸ்மார்ட்போன்களைப் பற்றி அபிப்பிராயம் சொன்னால் அதைவிடப் பலமான விரோதம் கிடைக்கும் என்பது 2024 மார்ச் மாதத்தில்தான் தெரிந்தது. ஐபோன்காரர்களும் ஆண்ட்ராய்டுக்காரர்களும் ஒரு காலத்தில் இரண்டு பாகவதர்களின் ரசிகர்கள் சபா வாசலில் சண்டை போட்டுக்கொண்டது போல நடந்துகொள்கிறார்கள். பாட்டைக் கேட்டவர்கள் இரு தரப்பிலும் குறைவு.

அந்த மாதம் என் பழைய போன் செத்துப்போயிற்று. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. போனவர்களைப் பற்றிக் குறை பேசக்கூடாது. தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் நடுவே மின்சார ரயிலில் உட்கார்ந்து, கிடைக்காதபோது நின்றுகொண்டு, அதில்தான் என் நாவலை எழுதி வந்தேன். பதினான்காம் அத்தியாயம் அதோடு போயிற்று. பிரதி எடுத்து வைக்கவில்லையா என்று கேட்காதவர்கள் இல்லை. வைக்கவில்லை.

புதிதாக ஒன்று வாங்கியாக வேண்டும். விலையை விசாரித்தேன். என் மனைவி 2023இல் வாங்கிய ஐபோன் 15, வெளிவந்தபோது 128 ஜிபி 79,900 ரூபாய். என் மைத்துனன் 2024 தொடக்கத்தில் வாங்கிய சாம்சங் காலக்ஸி எஸ்24, 256 ஜிபி 79,999 ரூபாய். தொண்ணூற்றொன்பது ரூபாய்தான் வித்தியாசம். என் ஒரு நாவலின் இரண்டு வருஷ ராயல்டியைவிட இரண்டுமே அதிகம். "எழுதறதுக்கு எண்பதாயிரமா? ஒரு குயர் பேப்பர் வாங்கிக்குங்களேன்" என்றாள் மனைவி. நியாயமான பேச்சு. ஆனால் ரயிலில் நின்றுகொண்டு பேப்பரில் எழுத முடியாது.

கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. அவள் பீரோவில் கிடந்த ஒரு பழைய போனை எடுத்துக்கொண்டு, தன்னுடையதைப் பதினைந்து நாள் எனக்குக் கொடுத்தாள். மைத்துனன் தன்னுடையதை விற்றுவிடும் யோசனையில் இருந்தான். "பதினைஞ்சு நாள் வெச்சுப் பாருங்க அத்தான், பிடிச்சா எடுத்துக்குங்க" என்றான். காணாமற்போன அத்தியாயத்தின் முன்பாதியை ஒன்றிலும் பின்பாதியை மற்றதிலும் திரும்ப எழுதிப் பார்ப்பது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

இவற்றை மதிப்பிடுகிறவர்கள் எல்லாவற்றையும் எண்ணில் சொல்கிறார்கள். எடை 171 கிராம், 167 கிராம். நாலு கிராம் என்பது வெற்றிலையில் தடவும் சுண்ணாம்புக் கணக்கு. மின்கலம் 3,349, 4,000 என்கிறார்கள். எனக்கு இரண்டுமே ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் வந்தன. திரை வினாடிக்கு எத்தனை தடவை புதுப்பித்துக்கொள்கிறது என்பதில் ஐபோன் 15க்கு 60, எஸ்24க்கு 120 வரை. இதை நாவலின் பக்க எண்ணிக்கையைச் சொல்லி அதன் தரத்தைச் சொல்வது போல என்று கேலி செய்ய ஆசைதான். ஆனால் பொய் சொல்லக்கூடாது. சாம்சங்கிலிருந்து மறுபடி ஐபோனைக் கையில் எடுத்தபோது, நீண்ட பக்கத்தைத் தள்ளிக்கொண்டு போகையில் எழுத்துகள் லேசாகக் கால் தடுக்குவது தெரிந்தது. இரண்டாம் நாள் அது மறந்துவிட்டது.

எண்களை விட்டுவிட்டு சுபாவத்துக்கு வருகிறேன். போனுக்கும் எழுத்தாளனைப் போல ஒரு சுபாவம் உண்டு என்பது என் கட்சி.

ஐபோன் தன் வாசகனை நம்பாத ஆசிரியர். எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. இங்கே நில், இப்படிப் பார் என்று சொல்லிவிடுகிறது. வாக்கியம் திருத்தமானது, பிழை கிடையாது. ஆனால் வந்த வழியே திரும்புவதற்கு அதில் ஒரே வழி இல்லை. ஓரிடத்தில் இடது ஓரத்திலிருந்து தள்ள வேண்டும், ஓரிடத்தில் மேலே அம்புக்குறியைத் தொட வேண்டும், இன்னோரிடத்தில் வலது மூலையில் ஒரு பெருக்கல் குறி, வேறோரிடத்தில் பக்கத்தையே கீழே இழுத்துவிட வேண்டும். நாவல் எழுதுகிறவன் நாளைக்கு நூறு தடவை பின்னால் போகிறவன். முந்தின பக்கத்தில் அவளுடைய புடவை என்ன நிறம் என்று பார்க்கப் போய், கதாநாயகியை விட்டுவிட்டு வேறெங்கோ போய் நின்ற சந்தர்ப்பங்கள் உண்டு.

சாம்சங்கில் திரையின் எந்த ஓரத்திலிருந்து விரலை உள்ளே தள்ளினாலும் ஓரடி பின்னால் போகலாம். அநேகமாக எல்லா இடத்திலும் இதுவே விதி. இந்த ஒரு குணத்துக்காக அதன் எத்தனையோ குற்றங்களை மன்னிக்கலாம். மன்னிக்க வேண்டியவையும் நிறைய இருக்கின்றன. படம் பார்க்க அதில் இரண்டு செயலிகள். இணையம் பார்க்க இரண்டு. புதுச் செயலி வாங்க இரண்டு கடைகள். கூப்பிட்டால் ஏன் என்று கேட்க இரண்டு உதவியாளர்கள். எல்லாவற்றிலும் கூகிளுக்கு ஒன்று, சாம்சங்குக்கு ஒன்று. பாகப்பிரிவினை ஆகியும் ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு எரிகிற வீடு. முதல் அத்தியாயத்திலேயே பதினேழு பாத்திரங்களை அறிமுகம் செய்யும் தொடர்கதைக்காரருடைய ஞாபகம் வந்தது.

நடுவில் ஒரு நண்பர், "ஐபோன்தான் வாங்க வேண்டும், ஐயா. அது ஸ்ரீபெரும்புதூரில் பண்ணினது. நம் ஊர்ப் பெண்கள் கை பட்டது" என்றார். வாஸ்தவம். ஐபோன் 15ஐ அங்கே ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் செய்தார்கள். அதே தொழிற்சாலைப் பெண்கள்தான் 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டில் பலர் நோயுற்றதைப் பொறுக்காமல், சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். நண்பர் அதைச் சொல்லவில்லை. ஊர்ப்பெருமை பேசினால் முழுதாகப் பேச வேண்டும். இந்தக் காரணத்துக்காக ஒன்றை வாங்கவும் எனக்கு மனம் வரவில்லை, தள்ளவும் வரவில்லை.

இனி தமிழ். ஐபோனில் 2013 முதல் தமிழ்99 விசைப்பலகை கூடவே வருகிறது. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட அமைப்பு அது. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கிக்கொள்ளும் வழக்கத்தை விட்டு அதற்கு வர எனக்கு நாலு நாள் பிடித்தது. அடுத்த சொல் இதுவாக இருக்கலாம் என்று மேலே ஓடுகிற யோசனைப் பட்டையை அணைத்துவிட்டேன். முன்பாதி மெதுவாக, எழுத்துக்கு எழுத்தாக வந்தது.

சாம்சங்கில் கூகிளின் விசைப்பலகையை எடுத்துக்கொண்டேன். நாம் பேசப் பேசத் தமிழில் எழுதிக்கொள்ளும் வித்தையை அது 2017இல் கற்றுக்கொண்டது. மொட்டைமாடியில் உலாவிக்கொண்டே பின்பாதி முழுவதையும் சொல்லி முடித்தேன். ஒரே சாயங்காலம்! அன்றைக்கு நான் மைத்துனனுக்குப் பணம் கொடுத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

அந்தச் சனிக்கிழமை கும்பகோணத்துக்கு அம்மாவைப் பார்க்கப் போனோம். கண்ணில் சதை உரித்ததிலிருந்து அம்மாவால் அதிகம் படிக்க முடிவதில்லை. 2022இலிருந்து ஐபோனில் தமிழ் வாசிக்கும் குரல் ஒன்று உண்டு. திரையின் மேலிருந்து இரண்டு விரலால் இழுத்தால் படிக்க ஆரம்பிக்கும்படி செய்துகொள்ளலாம். மனைவியின் போனுக்கு அத்தியாயம் முழுவதையும் அனுப்பி, அம்மாவின் பக்கத்தில் வைத்தேன். இரண்டு பாராக் கேட்டாள்.

"யாருடா இந்தப் பொண்ணு? ரேசன் கடையில பேரு கூப்பிடுறாப்பல படிக்குது. நீயே படி."

நானே படித்தேன். வண்டிக்காரன் ஒருவன் தன் மகள் வீட்டு வாசலில் நின்று உள்ளே போகாமல் பேசுகிற அத்தியாயம் அது. பாதி தாண்டியதும் அம்மா கையை உயர்த்தினாள்.

"இங்கேருந்து வேற யாரோ எழுதினாப்பல இருக்கே."

"ஏம்மா?"

"பின்னாடி வர்றவன் நல்லாத்தான் பேசறான். ஆனா அவன் வண்டிக்காரன் இல்ல. பள்ளிக்கூட வாத்தியாரு."

எடுத்துப் பார்த்தேன். நான் மாடியில் 'எங்கிட்ட' என்று சொன்னது 'என்னிடம்' ஆகியிருந்தது. 'கெடக்கு' என்றது 'கிடக்கிறது'. 'வந்துக்கிட்டிருக்கேன்' என்றது 'வந்து கொண்டிருக்கிறேன்'. வேகத்தில் நானும் அதைக் கவனிக்கவில்லை என்பது மட்டும் இல்லை. நாலாவது பக்கத்துக்கு மேல் அது எழுதிக்கொள்ளும்படியான தமிழில் நானே பேச ஆரம்பித்திருந்தேன். வண்டிக்காரனை நான்தான் வாத்தியார் ஆக்கியிருந்தேன். இதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. பேனா மாறினால் கையெழுத்து மாறும் என்பது தெரியும். இது பாத்திரத்தின் வாயை மாற்றியிருக்கிறது.

இதற்குப் பிறகும் நான் சாம்சங்கைத்தான் எடுத்துக்கொண்டேன் என்றால் வாசகர்கள் சிரிக்கலாம். ஒரு நூலை விமரிசிக்கும்போது அச்சுப்பிழையையும் ஆசிரியரின் சுபாவத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. விசைப்பலகை அச்சுக்கூடத்து விவகாரம். எந்தப் போனிலும் அதை மாற்றிக்கொள்ளலாம், பேச்சைக் கேட்டு எழுதுவதை நிறுத்திவிடலாம். சாம்சங்கிலும் தமிழ்99 அமைப்பை வைத்துக்கொண்டுவிட்டேன். பின்னால் போகும் வழி அப்படியல்ல. அது கட்டியவன் போட்ட வாசற்படி. நாம் இடித்துக் கட்ட முடியாது.

இன்னொன்று ஆயுள். எஸ்24க்கு ஏழு வருஷம் புது மென்பொருள் தருவதாக சாம்சங் வாக்குக் கொடுத்திருக்கிறது. ஆப்பிள் இப்படித் தமுக்கடிப்பதில்லை; ஆனால் 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ்ஸுக்கு 2024இலும் புதுப்பதிப்பைக் கொடுத்தது. ஒருவர் சொன்னார், மற்றவர் செய்து காட்டினார். செய்து காட்டியவரை நம்புவதே விவேகம். நான் சொன்னவரை நம்பியதற்கு, மைத்துனன் பதினெட்டாயிரம் குறைத்துக்கொண்டதும் ஒரு காரணம். அதன் பிறகு இரண்டு வம்சத்திலும் புதுப் பிள்ளைகள் பிறந்துவிட்டன. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பின்பாதியை அழித்துவிட்டு ரயிலில் மறுபடி எழுதினேன். மூன்று வாரம் ஆயிற்று. வண்டிக்காரன் இன்னும் வாசலிலேயே நிற்கிறான். ஆனால் வண்டிக்காரனாக நிற்கிறான்.

மனைவியின் போனைத் திருப்பிக் கொடுத்தபோது தமிழ்99ஐ எடுத்துவிட மறந்துபோனேன். பன்னிரண்டு வருஷமாக இங்கிலீஷ் எழுத்தில் 'மில்க்' என்று மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தவள், போன வாரம் தமிழில் எழுதியிருந்தாள். 'பால் வாங்கிட்டு வாங்க. பாக்கெட் ஒழுகுதான்னு பார்த்து வாங்குங்க.'