என்8என் தளத்தின் வெப்ஹூக் பாதுகாப்புக் குறை: ஒரு விமர்சனம்

என்8என் என்பது ஜெர்மனியின் பெர்லின் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு லோ-கோட் தானியக்கத் தளம். 2019இல் யான் ஓபர்ஹவுசர் இதைத் தொடங்கினார். மின்னஞ்சல், தரவுத்தளம், கூகுள் ஷீட், ஸ்லாக், செயற்கை நுண்ணறிவு மாதிரி எனத் தனித்தனியாகக் கிடக்கும் சேவைகளைத் திரையில் கணுக்களாக வைத்துக் கோடு இழுத்து இணைத்தால் ஒரு பணிப்பாய்வு தயார். நிரல் எழுதத் தெரியாதவரும் தம் அலுவலக வேலையில் பாதியைத் தானாக நடக்கச் செய்துவிடலாம்.

2026 ஜனவரி முதல் வாரத்தில் இத்தளத்தின் பாதுகாப்புக் குறை ஒன்று வெளியிடப்பட்டது. அதன் எண் சிவிஇ-2026-21858. குறைகளின் தீவிரத்தை அளக்கும் சிவிஎஸ்எஸ் அளவுகோலில் அதற்குக் கிடைத்தது 10க்கு 10. உள்நுழையாத, கணக்கே இல்லாத வெளியாள் ஒருவர் சர்வரில் உள்ள கோப்புகளைப் படிக்கவும், அங்கிருந்து படிப்படியாகச் சர்வரையே கைப்பற்றவும் அது வழிவிட்டது. இதைக் கண்டுபிடித்த சயேரா என்ற பாதுகாப்பு நிறுவனம் ‘நி8மேர்’ என்று பெயரிட்டது. பாதிக்கப்படக்கூடிய சர்வர்கள் ஏறத்தாழ 1,00,000 இருக்கும் என்றும் மதிப்பிட்டது.

உடனே புதிய பதிப்புக்கு மாறுங்கள் என்ற அறிவுரையில் தவறில்லை. ஆனால் நிரலில் ஒரே ஓர் இடத்தில் விடுபட்ட சோதனைக்கு விலையாக ஒரு நிறுவனத்தின் எல்லாச் சாவிகளும் ஏன் பறிபோக வேண்டும் என்பதைப் பலரும் கேட்கவில்லை. விடுபட்ட சோதனையை நவம்பரிலேயே சேர்த்துவிட்டார்கள். அதற்கு இவ்வளவு பெரிய விலை வைத்த அமைப்பைப் பற்றியதே இக்கட்டுரை.

வெப்ஹூக் என்னும் வாசல்

வெப்ஹூக் என்பது ஒரு முகவரி, அவ்வளவுதான். ஒரு சேவையில் ஏதாவது நடந்தால் அது இந்த முகவரிக்கு ஒரு செய்தியை அனுப்பும். செய்தி வந்ததும் இங்கே வேலை தொடங்கும். கடையில் பணம் செலுத்தப்பட்டதா, நிரல் களஞ்சியத்தில் மாற்றம் சேர்ந்ததா என்று நிமிடத்துக்கு ஒருமுறை போய் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. 2007இல் ஜெஃப் லிண்ட்சே இப்பெயரைப் பரப்பியதிலிருந்து இன்றுவரை இணையச் சேவைகளை ஒட்டவைக்கும் பசை இதுதான்.

இந்த முகவரி யாருக்காகக் காத்திருக்கிறதோ அவருக்கு மட்டும் திறப்பதில்லை. தட்டுகிற எல்லோருக்கும் திறக்கும். ஆகவே தட்டியவர் யார் என்று பார்ப்பது திறந்து வைத்தவரின் பொறுப்பு. ஸ்ட்ரைப், கிட்ஹப் போன்றவற்றால் தாம் அனுப்பும் செய்தியோடு ஒரு கையொப்பத்தைச் சேர்த்து அனுப்ப முடியும். இரு தரப்புக்கும் மட்டுமே தெரிந்த ஓர் இரகசியத்தைக் கொண்டு எச்மேக் முறையில் அது கணக்கிடப்படுகிறது. பெறுபவர் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தால் செய்தி உண்மையானதா, வழியில் திருத்தப்பட்டதா என்று தெரிந்துவிடும்.

என்8என் தளத்தின் பொதுவான வெப்ஹூக் கணுவை எடுத்துத் திரையில் வைத்தால், அடையாளச் சரிபார்ப்பு என்ற இடத்தில் முதலில் நிற்பது ‘எதுவுமில்லை’ என்ற தேர்வு. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் முறை, தலைப்பில் இரகசியச் சொல் கேட்கும் முறை, ஜேடபிள்யூடி முறை ஆகியவை பட்டியலில் உண்டு. தேடிப் போய்த் தேர்ந்தெடுக்க வேண்டும். கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டுமானால் செய்தியின் மூல வடிவத்தை அப்படியே வாங்கி, கிரிப்டோ கணுவில் எச்மேக் கணக்கிட்டு, இன்னொரு கணுவில் ஒப்பிட வேண்டும். நிரல் எழுதத் தெரியாதவருக்காகச் செய்த தளத்தில், நிரலருக்கே சலிப்பூட்டும் வேலை இது. முகவரியில் யூகிக்க முடியாத நீண்ட எழுத்துச் சரம் இருக்கிறதே, போதாதா என்பார்கள். ஜேப்பியரின் பொது வெப்ஹூக்கும் இந்த நம்பிக்கையில்தான் நிற்கிறது. ஆனால் முகவரி என்பது பதிவேடுகளில் ஏறும், திரைப்பிடிப்பில் விழும், உதவி கேட்கும்போது அரட்டையில் ஒட்டப்படும். கடவுச்சொல்லை யாரும் அப்படிக் கையாள்வதில்லை.

இவ்வளவும் குறை வெளிப்படுவதற்கு முன்பே இருந்த நிலை. இதைச் சொல்லாமல் நேரே குறைக்குப் போனால், அது எங்கிருந்தோ வந்து விழுந்த விபத்து போலத் தோன்றும்.

குறை எங்கே இருந்தது

என்8என் தளத்தில் படிவங்களும் வெப்ஹூக்கின் வழியாகவே இயங்குகின்றன. வேலைக்கு விண்ணப்பிக்கும் படிவம், புகார்ப் படிவம், ஆவணம் பதிவேற்றும் படிவம் என்று எதை உருவாக்கினாலும் பின்னால் இருப்பது ஒரு வெப்ஹூக் முகவரிதான்.

படிவம் வந்து சேர்ந்ததும் தளம் முதலில் அதன் கன்டென்ட்-டைப் தலைப்பைப் பார்க்கிறது. உள்ளே இருப்பது எந்த வகைத் தரவு என்று அனுப்பியவர் ஒட்டிய சீட்டு அது. கோப்போடு வரும் படிவமானால் சீட்டில் ‘மல்டிபார்ட் ஃபார்ம்-டேட்டா’ என்றிருக்கும். அப்போது தளம் ஃபார்மிடபிள் என்ற நூலகத்தை அழைக்கும். அந்நூலகம் கோப்பைத் தற்காலிக இடம் ஒன்றில், தானே சூட்டிய பெயரில் சேமித்து, சேமித்த பாதையை ‘ஃபைல்ஸ்’ என்ற பகுதியில் எழுதி வைக்கும். பாதையை எழுதுவது சர்வர்; வெளியாள் அதில் கைவைக்க முடியாது. இந்தப் பகுதி ஒழுங்காகவே இருந்தது.

சீட்டில் ஜேசன் என்றிருந்தால் தளம் வேறு வழியில் போகும். வந்த ஜேசனைப் பிரித்து, உள்ளதை உள்ளபடியே கோரிக்கையின் உடலில் வைத்துவிடும். அதுவும் தனியாகப் பார்த்தால் தவறில்லை. தவறு அடுத்த படியில். படிவத்தைக் கையாளும் நிரல், சீட்டு என்ன சொன்னது என்று திரும்பப் பார்க்கவில்லை. உடலில் ‘ஃபைல்ஸ்’ என்ற பகுதி இருக்கிறதா? இருந்தால் அதில் எழுதியுள்ள பாதைக்குப் போய் அங்குள்ள கோப்பை நகலெடுத்து, பயனர் பதிவேற்றிய ஆவணமாகப் பணிப்பாய்வுக்குள் அனுப்பிவிடும்.

ஆகவே தாக்குபவர் கோப்பு எதையும் அனுப்ப வேண்டியதில்லை. ஜேசன் என்று சீட்டு ஒட்டி, உள்ளே ‘ஃபைல்ஸ்’ பகுதியைத் தம் கையாலேயே எழுதி, பாதை என்ற இடத்தில் சர்வரில் தாம் படிக்க விரும்பும் கோப்பின் பாதையைப் போட்டால் போதும். சர்வர் தன் சொந்தக் கோப்பை எடுத்து, வந்தவர் கொடுத்தது என்று நினைத்துக்கொள்ளும்.

எடுத்த கோப்பு வெளியே வர ஒரு வழி வேண்டும். சயேரா காட்டிய எடுத்துக்காட்டில் அந்த வழி ஓர் அரட்டைப் பெட்டி. பதிவேற்றிய ஆவணத்தைப் படித்து, அதைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுப் பணிப்பாய்வு அது. இன்று பல நிறுவனங்கள் முதலில் கட்டிப் பார்ப்பதும் அதைத்தான். ஆவணத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால், சர்வரின் கோப்பில் உள்ளதை அது பணிவோடு எடுத்துச் சொல்லிவிடும்.

சாவிப்பெட்டி

இந்த நிலையில் குறை நின்றிருந்தால், சில கோப்புகள் கசிந்தன என்பதோடு முடிந்திருக்கும். ஆனால் என்8என் தன் பயனர் விவரங்களை, வேறு ஏற்பாடு செய்யாதவரை, ஓர் எஸ்க்யூலைட் கோப்பில் வைத்திருக்கிறது. முதன்முறை இயங்கும்போது தானே உருவாக்கிக்கொள்ளும் மறையாக்கச் சாவியை அதே கோப்புறையில் உள்ள கட்டமைப்புக் கோப்பில் எழுதிவைக்கிறது. இரண்டும் கோப்புகள். கோப்பைப் படிக்க முடிந்தவர் இரண்டையும் படிப்பார்.

உள்நுழைந்தவருக்குத் தளம் தரும் குக்கியில் இடப்படும் கையொப்பம் இந்தச் சாவியிலிருந்து பெறப்படுவது. முதல் கோப்பிலிருந்து நிர்வாகியின் விவரம், இரண்டாவதிலிருந்து சாவி. இரண்டும் கையில் இருந்தால் நிர்வாகியின் குக்கியைத் தாக்குபவர் தாமே தயாரித்துக்கொள்ளலாம். கடவுச்சொல் தேவையில்லை. உள்ளே போனபின் சர்வரில் கட்டளை இயக்கும் கணு ஒன்று காத்திருக்கிறது. அதைத் திரையில் வைத்து இயக்கினால் சர்வர் அவருடையது.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அதே மறையாக்கச் சாவிதான், இணைத்து வைத்துள்ள எல்லாச் சேவைகளின் இரகசியங்களையும் பூட்டியிருப்பது. அஞ்சல் கணக்கு, வாடிக்கையாளர் தரவுத்தளம், மேகக் கணக்கு, பணம் செலுத்தும் சேவை என எல்லாவற்றுக்கும் உரிய அனுமதிச் சொற்கள் அங்கே இருக்கின்றன. இருந்தே ஆக வேண்டும். இல்லையேல் தளத்தால் எதையும் இணைக்க முடியாது. எல்லாவற்றையும் ஓரிடத்தில் இணைப்பதைத்தான் இத்தகைய தளங்கள் விற்கின்றன. அப்படியானால் எல்லாச் சாவிகளும் குவிந்துள்ள அந்த இடத்திலேயே, முன்பின் அறியாதவருக்குத் திறக்கும் வாசலையும் வைக்கலாமா? வாசலில் வரும் கோரிக்கையை வாங்கும் செயலி வேறு, சாவிகளைக் கையாளும் செயலி வேறு என்று பிரித்து, முதலாவதற்குச் சாவிக் கோப்பைப் படிக்கும் உரிமையே இல்லாமல் செய்திருந்தால், இதே சோதனை விடுபட்டிருந்தாலும் சேதம் சிறிதாக இருந்திருக்கும். நிரலில் பிழை வரத்தான் செய்யும். அது எதுவரை போகலாம் என்பதை முன்கூட்டியே வரம்பிடுவது கட்டமைப்பாளரின் வேலை. இங்கு அது செய்யப்படவில்லை என்பதே என் முதன்மையான குற்றச்சாட்டு.

10க்கு 10 மிகை என்பவர்களின் வாதத்திலும் ஓரளவு உண்மை உண்டு. படிவம் பொதுவெளியில் இருக்க வேண்டும். கோப்பின் உள்ளடக்கம் திரும்பி வர ஒரு வழியும் இருக்க வேண்டும். எல்லா நிறுவல்களிலும் இவை அமைவதில்லை. ஆனால் பொதுமக்களிடம் படிவம் வாங்குவதும் வந்த ஆவணத்துக்குப் பதில் அனுப்புவதும் இத்தளத்தின் அன்றாடப் பயன்பாடுதானே. 2025 டிசம்பரில் வெளியான சிவிஇ-2025-68613 என்ற இன்னொரு குறைக்கு 9.9 கொடுத்தார்கள், அதற்காவது உள்நுழைந்த ஒரு பயனர் தேவைப்பட்டார். இதற்கு அதுவும் வேண்டாம்.

ஏழு வார மௌனம்

குறையைத் திருத்திய 1.121.0 பதிப்பு 2025 நவம்பர் 18 அன்றே வந்துவிட்டது. சிவிஇ எண்ணும் விவரங்களும் வெளியானது ஜனவரியில். இடையில் ஏழு வாரம். திருத்தத்தை முதலில் கொடுத்து, மக்கள் மாறிக்கொள்ள அவகாசம் விட்டு, பிறகு விவரம் சொல்வது பாதுகாப்புத் துறையில் நெடுநாள் வழக்கம்தான். பயனர் தெரியாமல் இருக்கும்வரை தாக்குபவரும் தெரியாமல் இருப்பார் என்ற கணக்கில்தான் அது பொருந்தும்.

என்8என் அப்படிப்பட்ட மென்பொருள் அல்ல. அதன் மூலநிரல் கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி கிடக்கிறது. பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் அருகருகே வைத்து, எந்த இடத்தில் சோதனை புதிதாக முளைத்திருக்கிறது என்று பார்ப்பது தேர்ந்த ஆளுக்கு ஒரு மாலைநேர வேலை. மௌனத்தால் மறைக்கப்பட்டது, மூலநிரலைப் படிக்காதவர்களிடமிருந்து மட்டுமே. அதாவது, நிரல் தெரியாமலே வேலை முடிக்கலாம் என்று நம்பி வந்த பயனர்களிடமிருந்து. அவர்களில் பலர் டாக்கர் கட்டளை ஒன்றை ஒருநாள் ஒட்டி இயக்கிவிட்டு, அதன்பின் அந்தச் சர்வரைத் தொடாதவர்கள். எங்கே குறை என்று சொல்ல வேண்டியதில்லை. தீவிரமான பாதுகாப்புத் திருத்தம், இந்த வாரமே மாறுங்கள் என்ற ஒரு வரி அவர்களுக்கு நவம்பரிலேயே உரக்கச் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

நல்லதும் நடந்திருக்கிறது. 2025 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பில், கட்டளை இயக்கும் கணு இயல்பாகவே முடக்கப்பட்டது. வேண்டுவோர் தாமே இயக்கிக்கொள்ள வேண்டும். வெப்ஹூக் கணுவின் ‘எதுவுமில்லை’ தேர்வுக்கும் இதே நியாயம் பொருந்தும். சரிபார்ப்பு வேண்டாம் என்பவர் அதை வாய்விட்டுச் சொல்லட்டும்.

பழைய பதிப்பைப் பொதுப் படிவத்தோடு இயக்கியவர்களுக்குப் பதிப்பை மாற்றுவது பாதி வேலைதான். நிறுவனம் தந்த அறிவிப்பில், புதுப்பிக்கும்வரை பொதுவெளியில் உள்ள வெப்ஹூக், படிவ முகவரிகளை மூடுங்கள் அல்லது கட்டுப்படுத்துங்கள் என்றிருந்தது. ஆனால் முன்பே எடுக்கப்பட்ட சாவியைப் புதிய பதிப்பு திரும்பப் பெறாது. இரகசியங்களைப் பூட்டவிழ்த்த வடிவில் ஏற்றுமதி செய்து, சாவியை மாற்றி, மீண்டும் இறக்குமதி செய்ய வேண்டும். ஏற்றுமதிக் கோப்பை உடனே அழிக்க வேண்டும். பிறகு அஞ்சல், தரவுத்தளம், மேகக் கணக்கு என இணைத்திருந்த ஒவ்வொரு சேவைக்கும் போய், பழைய அனுமதிச் சொல்லை நீக்கிப் புதியது வாங்க வேண்டும். நாற்பது சேவைகளை இணைத்தவருக்கு நாற்பது முறை.