அறுந்த பூணூலும் அறுபடாத வாரிசும்

'அலைகள் ஓய்வதில்லை' (1981) எங்கள் ஊர் டூரிங் கொட்டகைக்கு வந்தபோது மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தேன். கடைசியில் பையன் பூணூலைக் கழற்றுகிறான், பெண் சிலுவையைக் கழற்றுகிறாள். விசில் காதைப் பிளந்தது. பக்கத்தில் ஒருத்தர், "முத்துராமன் மவனாம்ல இவன்" என்றார். அந்த ஒரு பேச்சு இன்னமும் என்னை உறுத்துகிறது. பிறப்பு தந்ததை உதறுகிற பையனை, உதறும் அந்த நொடியிலேயே, நாங்கள் பிறப்பை வைத்துத்தான் அடையாளம் கண்டோம்.

கார்த்திக்குக்கு வாய்த்த சினிமாப் பரம்பரை பெரிய ஆலமரம் ஒன்றுமில்லை. 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962), 'காதலிக்க நேரமில்லை' (1964) என்று ஸ்ரீதர் படங்களில் முத்துராமனை மறக்க முடியாது. ஆனால் பெரிய நட்சத்திரங்கள் பக்கத்தில் நிற்கும்போது அவர் இரண்டாம் இடத்துக்காரர். 'திருவிளையாட'லில் (1965) சிவாஜி கடவுள், இவர் செண்பகப் பாண்டியன். மகனின் முதல் படம் வந்த 1981இலேயே இறந்தும் போனார். பிரபுவுக்கோ 'சங்கிலி'யில் (1982) அப்பாவே திரையில் கூட நின்றார். கார்த்திக்குக்குக் கிடைத்தது பாரதிராஜாவின் கடற்கரைதான். அதனாலோ என்னவோ, அப்பாவின் நடிப்பு அவர் உடம்பில் ஒட்டவில்லை. வார்த்தையை மென்று விழுங்குகிற பேச்சு, ஓரிடத்தில் நிற்காத கால். 'மௌன ராகம்' (1986) மனோகர் கொஞ்ச நேரம்தான் வருகிறான். செத்த பிறகும் படத்தை விட்டுப் போகமாட்டேன் என்கிறான்.

அப்புறம் 'அக்னி நட்சத்திரம்' (1988). ஒரு அப்பா, இரண்டு மனைவிகள். மூத்தவளின் மகன், போலீஸ் அதிகாரி, பிரபு. இளையவளின் மகன், ஊர் வாய்க்குப் பதில் சொல்லியே களைத்தவன், கார்த்திக். யாருக்கு எந்த வேஷம் என்பது தற்செயலாக முடிவாகியிருக்கலாம். வாசிக்கிறவனுக்கு அந்தத் தற்செயலும் பிரதியின் பகுதிதான். அப்பாக்களின் வரிசை மகன்களிடம் அப்படியே இறங்கியிருக்கிறது: சிவாஜி மகன் முறையான வாரிசு, முத்துராமன் மகன் முறைக்கு வெளியே. அடித்துக்கொண்ட இருவரும் கடைசியில் அப்பாவைக் காப்பாற்றத்தான் ஒன்று சேர்கிறார்கள். அப்பா மேலிருந்த கேள்வி அத்தோடு ஆறிப்போகிறது.

தோழர்கள் சிலர் 1981இன் அந்த முடிவைக் கலகம் என்கிறார்கள். எனக்கு அது பாதிக் கலகம். கழற்றப்பட்டவை இரண்டுமே கழற்றக்கூடியவை. தோளிலும் கழுத்திலும் தொங்காமல் நிலத்திலும் தெருவிலும் இருக்கிற சாதியை எப்படிக் கழற்றுவது? தென்மாவட்டக் கிராமங்களை ஆள்வது பூணூல் அல்லவே. 2006இல் கார்த்திக் பார்வர்டு பிளாக்கின் தமிழகப் பொறுப்புக்கு வந்தார். 2009இல் தனிக்கட்சி தொடங்கினார். முக்குலத்தோர் வாக்குகளை நம்பிய அரசியல் அது. சினிமாவில் உதறிய பையன் அரசியலில் வாரிசுரிமை கேட்டு நின்றான்.

அவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அன்றைக்குப் படம் விட்டு வீட்டுக்குத் திரும்பினோமே, ஊருக்கும் சேரிக்கும் நடுவிலிருந்த கோடு அங்கேயேதான் கிடந்தது. ஒருவரும் அதை மிதித்து அழிக்கவில்லை. கழற்றப்பட்ட பூணூல் எங்களுடையதல்ல. அதனால்தான் அவ்வளவு பலமாக விசிலடித்தோம்.