வீட்டுக்குள் போகாத வில்லேஜர்கள்

தானா ராத்தாவில் மழை பிடித்துக்கொண்டால் ஜன்னலுக்கு வெளியே பத்தடி தூரம்கூடத் தெரியாது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் நான் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆடிக்கொண்டிருந்தேன். பாட்டி தேத்தண்ணி கிளாஸோடு வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார்.

"இதுங்க எல்லாம் என்னடா செய்யுதுங்க?"

"வேல செய்றாங்க பாட்டி. அவன் மரம் வெட்டுறான். அந்தப் பொம்பள தோட்டம் போடுது."

"ராவுக்கு எங்க போய்ப் படுக்கும்?"

"இதுல ராத்திரியே வராது பாட்டி."

பாட்டி திரையின் ஓரத்தில் வரிசையாக நின்ற கூரை வீடுகளைக் காட்டினார். "அப்ப அதெல்லாம் யாரு வீடு?"

என்னைவிட இரண்டே வயது இளைய கேம் இது. இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்தில் இருந்தே ஆடுகிறேன். எந்த ஆட்டத்தில் எத்தனையாவது நிமிடத்தில் எத்தனை வில்லேஜர் இருக்கவேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் பாட்டி கேட்ட கேள்வி எனக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

கேம் ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம். 1999-இல் என்செம்பிள் ஸ்டூடியோஸ் உருவாக்கி மைக்ரோசாப்ட் வெளியிட்ட, இடைக்காலத்தைக் களமாகக் கொண்ட போர் உத்தி விளையாட்டு இது. 2019-இல் புதுப்பித்த பதிப்பு வந்தது. இன்றும் உலகம் முழுக்கப் போட்டிகள் நடக்கின்றன. வழக்கமான ஆட்டம் ஒரு டவுன் சென்டர், மூன்று வில்லேஜர், ஒரு ஸ்கௌட் என்று தொடங்கும். ஒரு வில்லேஜரை உருவாக்க 50 உணவும் 25 வினாடியும் ஆகும். அந்த 50 உணவுதான் அவருக்காக நாம் செலவழிக்கும் முதலும் கடைசியுமான சாப்பாடு. அதற்குப் பிறகு அவர் சாப்பிடமாட்டார், தூங்கமாட்டார், கூலி கேட்கமாட்டார், அவருக்கு வயதும் ஆகாது. எதிரியோ காட்டுப்பன்றியோ கொல்லும்வரை வேலை செய்துகொண்டே இருப்பார். பன்றி சுலபமாகக் கொன்றுவிடாமல் இருக்க 'லூம்' என்றொரு தொழில்நுட்பம் உண்டு. 50 தங்கம் கொடுத்து ஒருதடவை வாங்கினால் எல்லா வில்லேஜர்களின் உயிரும் 25-இலிருந்து 40 ஆகும். தறிக்கும் உயிருக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்பதில்லை. இதைத்தான் மரபு என்கிறோம்.

வீட்டுக்கு வருவோம். ஒரு வீடு கட்ட 25 மரம். ஒவ்வொரு வீடும் ஐந்து பேருக்கு இடம் தரும். வீடு போதாவிட்டால் டவுன் சென்டர் அடுத்த ஆளை உருவாக்க மறுத்துவிடும். ஆனால் அந்த ஐந்து பேரில் ஒருவராவது வீட்டுக்குள் நுழைந்து நீங்கள் பார்க்கமுடியாது. வீட்டின் கதவு ஒரு சித்திரம். கெமர் நாகரிகத்துக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: எதிரி வரும்போது வில்லேஜர்கள் வீட்டுக்குள் ஒளிந்துகொள்ளலாம். நாற்பதுக்கும் மேற்பட்ட நாகரிகங்கள் உள்ள கேமில் சொந்த வீட்டுக்குள் போவது ஒரு சிறப்புத் தகுதி!

ஆக, பாட்டியின் கேள்விக்குப் பதில்: அது யாருடைய வீடும் இல்லை. அது மேலே மூலையில் தெரியும் எண்ணை ஐந்து கூட்டும் ஒரு பொருள்.

'கேம்தானே, எல்லாவற்றையும் காட்டமுடியுமா' என்று சொல்லலாம். முடியாதுதான். எந்தக் கலையும் எதையோ விட்டுவிட்டுத்தான் வேலை செய்கிறது. நம் அகத்திணை மரபிலும் அப்படித்தான். தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சொல்லக்கூடாது என்பது ஒரு விதி. அதனால்தான் அந்தப் பாடல்கள் இன்றும் நம்முடையவையாக இருக்கின்றன. அதே தொல்காப்பியம் அடியோருக்கும் வினைவலருக்கும் ஐந்திணைக்கு வெளியேதான் இடம் ஒதுக்குகிறது என்று உரையாசிரியர்கள் படிக்கிறார்கள். அதாவது ஏவல் செய்பவனுக்குக் காதல் வரலாம், அது கைக்கிளையிலும் பெருந்திணையிலும் போய்ச் சேரும். ஒரு விதி அழகைக் கொடுக்கிறது, பக்கத்திலேயே இன்னொரு விதி ஆளை வெளியே நிறுத்துகிறது. ஆகவே ஒரு மரபு எதை விட்டுவிட்டது என்று மட்டும் கேட்டால் போதாது, யாருக்கு வசதியாக விட்டுவிட்டது என்றும் கேட்கவேண்டியிருக்கிறது.

பாட்டி அந்தக் கேள்வியைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினைந்து வயதிலிருந்து ஐம்பத்தைந்து வயதுவரை கொழுந்து எடுத்தவர் அவர். முதலில் கையால், பிறகு கத்தரியால். நாற்பது வருடம் அதே லயத்தில், அதே வீட்டில். வாசலில் செம்பருத்தி, பின்கட்டில் கோழிக்கூண்டு, சாமி மேடை எல்லாம் அவரே வைத்தது. தாத்தாவும் பாட்டியும் ஓய்வு பெற்றார்கள். அப்பா லாரி ஓட்டப் போய்விட்டதால் வீட்டில் தோட்டத்து வேலையாள் யாரும் இல்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. அப்போது எனக்கு எட்டு வயது. லாரியில் சாமான் ஏற்றிய பிறகு பாட்டி வாசலைக் கூட்டிவிட்டு ஏறியது ஞாபகம் இருக்கிறது.

இங்கே கேமுக்கு ஒரு நியாயம் செய்யவேண்டும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் எதிரி வந்து உங்கள் வீடுகளை இடித்துவிட்டால், இருக்கும் ஆட்கள் சாவதில்லை, துரத்தப்படுவதும் இல்லை. புதிய ஆளை எடுக்கமுடியாது, அவ்வளவுதான். தோட்டத்தில் அது தலைகீழ். வேலை போனால் வீடு போகும். வீடு ஆளுக்காக இல்லை, ஆள் எண்ணிக்கைக்காக என்ற கணக்கு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் கேம் அந்தக் கணக்கைக் கொஞ்சம் இரக்கத்தோடு போட்டிருக்கிறது.

திரையின் மூலையில் இன்னொரு பொத்தான் இருக்கிறது. சும்மா நிற்கும் வில்லேஜர்களின் எண்ணிக்கையைக் காட்டும் பொத்தான். விசைப்பலகையில் முற்றுப்புள்ளியைத் தட்டினால் கேமரா நேராக அந்த ஆளின் தலைக்கு மேலே போய் நிற்கும். இந்த எண் பூஜ்யமாக இருக்கவேண்டும் என்பதுதான் புதிதாக ஆட வருபவர்களுக்குச் சொல்லப்படும் முதல் பாடங்களில் ஒன்று. பதினைந்து வயதில் நான் அதில் கில்லாடி. விடியற்காலை இருட்டில் பெரட்டுக்கு நிற்காதவர்களைத் தேடிக்கொண்டு கங்காணி லயத்துக்கே வந்துவிடுவார் என்று பாட்டி சொன்ன கதைகளையும் அதே வயதில்தான் கேட்டேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. கேமரா எப்போதும் உயரத்திலிருந்து சாய்வாகக் கீழே பார்க்கிறது. எங்கள் மலையில் அந்தக் கோணத்தில் தோட்டத்தைப் பார்க்கிற ஜன்னல்கள் துரை பங்களாவில்தான் உண்டு.

வேறு மாதிரி செய்யமுடியாதா என்றால், செய்திருக்கிறார்கள். 2001-இல் வந்த, ஃபயர்ஃப்ளை ஸ்டூடியோஸ் உருவாக்கிய ஸ்ட்ராங்ஹோல்டும் இடைக்காலக் கோட்டை கட்டும் கேம்தான். அதில் குடியானவர்கள் சாப்பிடுவார்கள். ரேஷனைக் குறைத்தால், வரியை ஏற்றினால், உங்கள் மீதுள்ள அபிமானம் இறங்கும். அது 50-க்குக் கீழே போனால் கோட்டையை விட்டே கிளம்பிவிடுவார்கள். வேலை இல்லாதவர்கள் கோட்டை வாசலில் தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை எழுப்பி விரட்ட முற்றுப்புள்ளி கிடையாது. முதல்முறை ஆடியபோது அந்தத் தீயைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அபிமானத்தை ஏற்ற இன்னொரு சுலப வழியும் உண்டு: மதுக்கடை திறப்பது. இதைப் படிக்கும் மலேசிய வாசகர்கள் சிரிப்பார்கள். தோட்டத்துக் கள்ளுக்கடையை எந்தப் பேராசிரியரும் இவ்வளவு சுருக்கமாக விளக்கியதில்லை. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடுவதும் ஒன்று. துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது இன்னொன்று.

ஆனால் ஸ்ட்ராங்ஹோல்டில்கூடக் குடியானவர் விட்டுப்போகத்தான் முடியும், நின்று கேட்கமுடியாது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் விட்டுப்போகவும் வழியில்லை. ஒரு வில்லேஜர் கட்சி மாறவேண்டுமென்றால் எதிரியின் துறவி வந்து மந்திரம் ஓதவேண்டும். தானாக முடிவெடுப்பது என்பது அந்த உலகத்தில் ஒரு நோயாகக்கூட இல்லை.

இனி நம்மைப் பற்றி. 2013-இல் வந்த விரிவாக்கத்தில் 'இந்தியர்' என்ற ஒரே நாகரிகம் இருந்தது. வடக்கு, தெற்கு எல்லாம் ஒரே மூட்டை, பேசியது இந்துஸ்தானி. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பொருளாதாரச் சிறப்பு என்ன தெரியுமா? வில்லேஜர் விலை குறைவு. காலகட்டம் ஏற ஏறத் தள்ளுபடியும் ஏறும். வடிவமைத்தவர்கள் மனதில் இந்தியாவின் மக்கள்தொகை இருந்திருக்கும், மலாயா இருந்திருக்காது. இருந்தாலும் முதன்முதலில் அந்த வரியைப் படித்தபோது வயிற்றில் ஏதோ செய்தது. தென்னிந்தியத் தொழிலாளிக்கு என்று தனியாகக் கூலி நிர்ணயித்த நாடு இது. 1920-களின் கடைசியில் அந்தத் தரக்கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று இருந்தது. ஆண் வில்லேஜரும் பெண் வில்லேஜரும் ஒரே விலை, ஒரே வேகம் என்பதில் கேம் மலாயாவைவிட முன்னேறியது. ஆனால் மலிவு என்ற சிறப்பை யாருக்குக் கொடுப்பது என்று வந்தபோது அதன் கை சரியாக நம் பக்கம்தான் நீண்டது.

2022 ஏப்ரலில் 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' வந்தது. அந்த மூட்டையை நான்காகப் பிரித்தார்கள்: இந்துஸ்தானிகள், கூர்ஜரர், வங்காளிகள், திராவிடர். மலிவு விலைச் சலுகை இந்துஸ்தானிகளோடு போய்விட்டது. திராவிடருக்குத் தமிழ்ப் பேச்சு, சுருள்வாள் வீரர்கள், யானைகள், கடற்படை, கூடவே இராசேந்திர சோழன் பெயரில் ஒரு கேம்பெய்ன். பெரிய போர்க்கப்பலின் பெயர் திரிசடை. அசோகவனத்தில் சீதைக்கு ஆறுதல் சொன்னவள் பீரங்கிக்கு எதிரே நிற்பதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கிறது. 'தமிழர்' என்று வைக்காமல் ஏன் 'திராவிடர்' என்று வைத்தார்கள் என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை.

ஆர்வம் இருந்தது அந்தக் குரலில். வில்லேஜரைச் சொடுக்கினால் தமிழில் பதில் வந்த அந்த இரவு, நானும் நண்பர்களும் கத்தினோம். பொய் சொல்ல விரும்பவில்லை, கண் கலங்கியது. இராசேந்திரனின் கப்பல்கள் 1025-இல் வந்த கடாரம் எங்கள் கெடா மாநிலம்தானே. தோட்டத்து நூலகங்களில் 'கடல் புறா' கிழிந்து தொங்கும்வரை படிக்கப்பட்டதற்கும் அதே காரணம்தான். கூலிக்காரர் பேரன் என்று சொல்வதைவிட சோழன் வாரிசு என்று சொல்வது நன்றாக இருக்கிறது.

ஆனால் ஒரு வாரம் போன பிறகு கவனித்தேன். தமிழ் பேசியது அரசன் மட்டுமல்ல. நான் சொடுக்கச் சொடுக்கத் தமிழில் பணிவாகப் பதில் சொல்லிவிட்டு மரம் வெட்டப் போனவரும் தமிழர்தான். முன்பு புரியாத மொழியில் முணுமுணுத்தவர்களை வேலை வாங்குவது எளிதாக இருந்தது. இப்போது என் பாட்டியின் மொழியில் பதில் வருகிறது, முற்றுப்புள்ளியை நான்தான் தட்டுகிறேன்.

இந்த இரண்டு நாற்காலிகளிலும் உட்கார்ந்து பார்த்த ஒருவர் நம் இலக்கியத்தில் உண்டு. இராசேந்திரனை வைத்து 'வேங்கையின் மைந்தன்' எழுதிய அகிலன்தான், மலேசிய ரப்பர் தோட்டத்தை வைத்து 'பால்மரக் காட்டினிலே'யையும் எழுதினார். இரண்டில் எது சிறந்த நாவல் என்பது வேறு விஷயம். இரண்டிலும் எனக்குக் குறைகள் உண்டு. ஆனால் முதலாவதைப் பற்றிப் பேசும் அளவுக்கு இரண்டாவதைப் பற்றி நம் ஆட்கள் பேசி நான் கேட்டதில்லை. கேம் கம்பெனிக்கு மனு எழுதி இன்னும் நல்ல சோழனைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வில்லேஜரை இன்னும் நன்றாக எழுதச் சொல்லி யாரும் மனு போடவில்லை. நானும் போடவில்லை.

பாட்டி பின்னால் நின்ற அந்த மாலை ஆட்டம் என் பழைய பல்கலைக்கழக அறைத்தோழனோடு. அவன் மலாய்க்காரன், ஆடுவதும் மலாய் நாகரிகம்தான். ஒவ்வொரு முறையும் "கடாரத்துக்குப் பழி வாங்குறேன்" என்று சொல்லித்தான் ஆரம்பிப்பான். மலாய் நாகரிகத்தின் கராம்பிட் வீரர்கள் ஆளுக்கு அரை இடம்தான் பிடிப்பார்கள். இருவருக்கும் மொத்த வரம்பு 200 பேர்தான் என்றால் அவன் படை என்னுடையதைவிடப் பெரிதாகிவிடும். இந்தச் சிக்கலுக்கு எல்லாரும் செய்யும் ஒரு தீர்வு இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் சேமிப்பு நிறைந்துவிட்டால் வில்லேஜர்கள் தேவையில்லை. கொஞ்சம் பேரைத் தேர்ந்தெடுத்து டிலீட் விசையைத் தட்டினால் அந்த இடத்தில் படைவீரரை எடுக்கலாம். செலவு எதுவும் இல்லை. ஒரு முனகல் சத்தத்தோடு நின்ற இடத்திலேயே விழுவார்கள்.

வயலில் இருந்த இருபது பேரைத் தேர்ந்தெடுத்துத் தட்டினேன்.

"ஏன்டா, அதுங்க நல்லாத்தான வேல செஞ்சிச்சுங்க?"

"இடம் பத்தல பாட்டி."

பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. காலி கிளாஸை எடுத்துக்கொண்டார். "லைட்டப் போட்டுட்டு வெளயாடு, கண்ணு கெட்டுப்போகும்" என்று சுவிட்சைத் தட்டிவிட்டு அடுப்படிக்குப் போனார். அந்த ஆட்டத்தில் நான்தான் ஜெயித்தேன்.